மீன் கண்ணும் கிரிஸ்டலினும்: கண் லென்ஸ் ஏன் தெளிவாக இருக்கிறது?

மேட்டூர் அணை மீன் வாங்கிக் குழம்பு வைக்கும் வீடுகளில் தலைத்துண்டுக்குத் தனிப் போட்டி உண்டு. தலையைப் பிரித்துத் தின்றவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று, பல்லுக்கு அடங்காத ஓர் உருண்டை இருக்கும். பிள்ளைகள் முத்து என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதுதான் மீனின் கண் லென்ஸ். மீன் உயிரோடு இருந்தபோது அதில் வெள்ளை கிடையாது. சமைக்காத மீனின் கண்ணிலிருந்து அதைப் பிதுக்கி எடுத்து, துடைத்து, செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். கீழே இருக்கும் எழுத்து பெரிதாகத் தெரியும். அவ்வளவு தெளிவு. குழம்பு ஒரு கொதி வந்ததும் அந்தத் தெளிவு போய்விடும், திரும்பியும் வராது.

ஜவ்வரிசி இதற்கு நேர் எதிர். மாவு ஜவ்வரிசியைக் கையில் எடுத்தால் சுத்த வெள்ளை. பாயசத்தில் வெந்ததும் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒளி புகுந்து வரும். ஒரே அடுப்பில் ஒன்று வெந்து வெளுக்கிறது, இன்னொன்று வெந்து தெளிகிறது. இரண்டிலும் எந்தச் சாயமும் சேரவில்லை, எந்தச் சாயமும் போகவில்லை. பிறகு எப்படி?

ஏனென்றால் இந்த வெள்ளை ஒரு நிறமே அல்ல. உள்ளே போன ஒளி நேராக வெளியேற முடியாமல் நாலா பக்கமும் சிதறி, அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அதைத்தான் வெள்ளை என்கிறோம். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மாவுச்சத்து மணி ஒவ்வொன்றும் ஒளியின் அலைநீளத்தைப்போலப் பல மடங்கு பெரியது, மணிகளுக்கு நடுவே காற்றும் இருக்கும். மணி, காற்று, மறுபடி மணி என்று எல்லைக்கு எல்லை ஒளி திசை மாறித் தடுமாறுகிறது. வேகும்போது மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, எல்லைகள் அழிந்து, எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். தன் அலைநீள அளவில் எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தால் போதும், ஒளி நேராகப் போய்விடும். தெளிவுக்கு வேண்டியது அந்தச் சீர்மை ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கண் லென்ஸின் முக்கால்வாசி புரிந்துவிடும்.

சரி, லென்ஸுக்குள் என்ன இருக்கிறது? ஒளி ஊடுருவ வேண்டுமென்றால் உள்ளே பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்க வேண்டும், புரதம் கொஞ்சமாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் புரதம் கொஞ்சமல்ல. மனித லென்ஸின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புரதம். ஒப்பிட்டுப் பார்க்க: இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் 100 மில்லிலிட்டருக்கு 7 கிராம் அளவுதான் புரதம் இருக்கிறது. லென்ஸுக்கு இவ்வளவு புரதம் எதற்கு? ஒளியை வளைப்பதற்கு. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். வெறும் நீருக்கு அது 1.33. புரதத்தைத் திணிக்கத் திணிக்க அது ஏறும். மனித லென்ஸின் ஓரத்தில் சுமார் 1.38, மையத்தில் சுமார் 1.41. மீனுக்கு இது பற்றாது. நாம் காற்றில் வாழ்வதால் கருவிழியின் வளைந்த முன்பரப்பே ஒளியைப் பெரும்பகுதி வளைத்துவிடுகிறது. தண்ணீருக்குள் அந்த வசதி இல்லை, மொத்த வேலையும் லென்ஸின் தலையில். அதனால் மீன் லென்ஸ் உருண்டையாகவும், நம்முடையதைவிட மிக அடர்த்தியாகவும் இருக்கிறது. அதன் மையத்தில் ஒளிவிலகல் எண் 1.5-ஐத் தாண்டும். பல்லுக்கு அடங்காததற்குக் காரணம் இந்த அடர்த்திதான்.

இவ்வளவு புரதத்தைத் திணித்தும் ஒளி ஏன் சிதறவில்லை என்பதுதான் கேள்வி. 1971-இல் ஜார்ஜ் பெனடெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். லென்ஸின் புரதங்கள் படிகத்தில் இருப்பதுபோல வரிசையாக அடுக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. நெருக்கமாக இருந்தாலே, ஒன்றின் இடத்தில் இன்னொன்று புக முடியாததால், பக்கத்துப் பக்கத்தில் ஓரளவு சீரான இடைவெளி தானாக அமைந்துவிடும். அந்த அளவு ஒழுங்கே போதும் என்றார். 1983-இல் பிரான்சில் மிரெய் டெலாய், ஆனெட் டார்டியூ ஆகியோர் எக்ஸ்-கதிர் சோதனையில் இதை உறுதி செய்தார்கள். லென்ஸ் புரதக் கரைசலில் புரதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் சிதறல் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல், இன்னும் கூட்டினால் குறைய ஆரம்பிக்கிறது! நெரிசல் கூடக்கூடத் தெளிவும் கூடுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

காரணம் இப்படி. லென்ஸில் இருப்பவற்றிலேயே பெரிய புரதத் திரள் சுமார் 15 நானோமீட்டர் அகலம். ஒளியின் ஓர் அலைநீளத்துக்குள் அப்படி முப்பதுக்கும் மேல் அடங்கும். நெரிசலில் எந்தச் சிறு பகுதியை எடுத்து எண்ணினாலும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். ஒளிக்கு அது சீரான ஒரே பொருள். ஒவ்வொரு திரளும் பக்கவாட்டில் சிதறவிடும் சிறு அலையை அடுத்தடுத்த திரள்களின் அலைகள் அழித்துவிடும். மிஞ்சுவது நேராகப் போகும் ஒளி மட்டும்.

செல்லே தன் உறுப்புகளைத் துறக்கிறது

புரதம் மட்டும் ஒத்துழைத்தால் போதாது. சாதாரண செல்லுக்குள் உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் இருக்கும். இவை ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை, நன்றாகவே சிதறடிக்கும். லென்ஸின் ஓரத்தில் பிறக்கும் செல்கள் நீண்டு நாராக மாறும்போது இவை எல்லாவற்றையும் உடைத்து அழித்துவிடுகின்றன. லென்ஸுக்குள் இரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. உட்கரு போனால் புதிய புரதத்துக்கான குறிப்பு போச்சு. பழைய புரதம் கெட்டால் மாற்ற வழியில்லை. வெங்காயத்தில் உள்ளதுபோல அடுக்கு மேல் அடுக்காகப் புதிய நார்கள் வெளிப்புறத்தில் சேர்ந்துகொண்டே வர, பழையவை உள்ளே தள்ளப்படும். ஆகவே லென்ஸின் நடு மையத்தில் இருப்பது நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான புரதம். சேலம் அம்மாப்பேட்டையில் எழுபது வயதில் தறியில் உட்கார்ந்திருப்பவர், பிறப்பதற்கு முன் செய்த புரதம் வழியாகத்தான் இன்றைக்கும் இழையைப் பார்க்கிறார்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கதிரியக்கக் கார்பனைக் கூட்டிவிட்டன. சோதனைகளுக்குத் தடை வந்தபின் அது படிப்படியாகக் குறைந்தது. எந்த ஆண்டில் உருவான திசு என்பதை அதன் கார்பனே சொல்லிவிடும். 2008-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் மனித லென்ஸ் புரதத்தில் இதை அளந்தபோது, மையத்தின் கார்பன் அந்த மனிதர் பிறந்த காலத்தோடு ஒத்துப்போனது. 2016-இல் இதே உத்தியைக் கிரீன்லாந்து சுறாவின் லென்ஸ் மையத்தில் பயன்படுத்தி, மிகப் பெரிய சுறாவுக்குக் குறைந்தது 272 வயது இருக்கும் என்று கணித்தார்கள். அத்தனை காலமும் அந்தப் புரதம் அங்கேயே இருந்திருக்கிறது.

மூன்று குடும்பங்கள்

இந்தப் புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்று பெயர். லென்ஸின் கரையும் புரதத்தில் சுமார் 90 சதவீதம் இவைதான். 1894-இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் மோர்னர் இவற்றை ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் நிற்கிறது. ஆனால் பீட்டாவும் காமாவும் ஒரே வம்சம் என்பதும், ஆல்ஃபா முற்றிலும் வேறு வம்சம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

காமாவிலிருந்து தொடங்கலாம், அதன் வடிவம்தான் புரிய எளிது. எந்தப் புரதமும் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சரம். சரம் மடிந்து ஓர் உருவத்துக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும். கன்றுக்குட்டியின் லென்ஸிலிருந்து எடுத்த காமா கிரிஸ்டலினின் உருவத்தை 1981-இல் லண்டனில் டாம் பிளன்டெல் குழுவினர் எக்ஸ்-கதிர் மூலம் கண்டுபிடித்தார்கள். சரம் நீட்டலாகப் போய், திரும்பி, மறுபடி நீட்டலாக வந்து நான்கு இழைகள் ஆகிறது. நான்காவது இழை மூன்றாவதன் பக்கத்தில் உட்காராமல், சுற்றி வந்து முதலாவதன் பக்கத்தில் சேர்கிறது. பழைய கிரேக்கப் பானைகளின் விளிம்பில் ஓடும் கோலத்தைப் போல இருப்பதால் இந்த மடிப்புக்குக் கிரேக்கச் சாவி என்று பெயர் வைத்தார்கள்.

அப்படி இரண்டு மடிப்புகள் இரண்டு தகடுகளாக ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஓர் உருண்டைப் பகுதி ஆகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொரு மடிப்பும் தன் மூன்றாவது இழையை எதிர்த் தகட்டுக்குக் கொடுத்து, எதிரில் இருப்பதன் மூன்றாவது இழையைத் தான் வாங்கிக்கொள்கிறது. கொடுத்து வாங்கியதால் இரண்டும் பூட்டிக்கொள்கின்றன. நீரை விரும்பாத அமினோ அமிலங்கள் எல்லாம் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் அடைபட்டுவிடும், நீருக்கு ஒத்துப்போகிறவை வெளியே நிற்கும். இப்படி இரண்டு உருண்டைப் பகுதிகள் சேர்ந்தது ஒரு காமா கிரிஸ்டலின். உள்ளே காலி இடமே இல்லாத இறுக்கம். மனிதக் கண்ணின் காமா-டி என்ற வகை, சோதனைக் குழாயில் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை உருக்குலையாமல் தாங்குகிறது. வாழ்நாள் முழுக்க மாற்று இல்லாமல் இருக்க வேண்டிய பொருளுக்கு இந்த உறுதி தேவைதான். கொதிக்கும் குழம்பு அந்த எல்லையையும் தாண்டிவிடும். அப்போது மடிப்பு அவிழ்கிறது, உள்ளே ஒளிந்திருந்த நீர் ஒட்டாத பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று கண்டபடி ஒட்டிக்கொள்கின்றன. சின்னதும் பெரியதுமாகத் திரள்கள், நடுநடுவே நீர். சீர்மை போய்விட்டது, மீன் கண் வெளுத்துவிட்டது.

பீட்டாவும் இதே நான்கு மடிப்புகளால் ஆனதுதான். ஆனால் அது தனியாக இருப்பதில்லை, இரண்டு முதல் எட்டு வரை கூட்டாகச் சேரும். பீட்டா-பி2 வகையில், ஒரு மூலக்கூறின் உருண்டைப் பகுதி தன் சொந்த ஜோடியோடு சேராமல் பக்கத்து மூலக்கூறின் பகுதியோடு சேர்ந்துகொள்கிறது. இப்படி அளவில் பலதரப்பட்ட கூட்டங்கள் கலந்திருப்பதும் நல்லதுக்குத்தான். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் படிகமாக இறுகிவிடும் ஆபத்து கூடும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. காமா-டியில் 36-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக செரின் வந்த ஒரு சிறுவனின் லென்ஸுக்குள் உண்மையிலேயே புரதப் படிகங்கள் இருந்ததை 2000-இல் பதிவு செய்திருக்கிறார்கள். மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம்!

பிடித்து வைக்கும் ஆல்ஃபா

ஆல்ஃபாவில் ஏ, பி என இரண்டு வகை. ஏ-யில் 173 அமினோ அமிலங்கள், பி-யில் 175. இவை தனித்து இருப்பதே அரிது. பல பத்து சேர்ந்து ஒரு திரளாகும், மேலே சொன்ன 15 நானோமீட்டர்த் திரள் அதுதான். ஒவ்வோர் உறுப்பிலும் சுமார் 90 அமினோ அமிலங்கள் கொண்ட உறுதியான நடுப்பகுதியும், இரு முனைகளிலும் தளர்ந்து ஆடும் வால்களும் உண்டு. திரளில் எத்தனை பேர் என்று கணக்கு கிடையாது. ஒரு திரளிலிருந்து கழன்று இன்னொன்றில் போய்ச் சேர்வதும் ஓயாமல் நடக்கும். இப்படி நிலையில்லாமல் இருப்பதால் முழுத் திரளைப் படிகமாக்கி உருவம் பார்க்க முடியாமல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் திண்டாடினார்கள்.

1992 வரை ஆல்ஃபா வெறுமனே இடத்தை நிரப்பும் புரதம் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் 1982-இலேயே ஒரு துப்பு கிடைத்திருந்தது: பழ ஈ சூட்டில் வாடும்போது தயாரிக்கும் சில பாதுகாப்புப் புரதங்களும் ஆல்ஃபாவும் உறவுக்காரர்கள். 1992-இல் ஜோசப் ஹார்விட்ஸ் அதன் வேலையைக் காட்டினார். மற்ற புரதங்களைச் சூடாக்கினால் அவை திரண்டு கலங்கும். ஆல்ஃபாவைச் சேர்த்துச் சூடாக்கினால் கலங்கவில்லை. மடிப்பு அவிழ ஆரம்பித்த புரதத்தை ஆல்ஃபா பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது, அது அடுத்ததோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. பழுது பார்த்து அனுப்பாது, பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

ஆனால் லென்ஸ் மையத்தில் புதிய ஆல்ஃபா வராது என்று ஏற்கெனவே பார்த்தோம். இருக்கிற கையிருப்பு வயதோடு தீர்ந்துகொண்டே வருகிறது. நாற்பது வயதை ஒட்டி, மையத்தில் எதையும் பிடிக்காமல் சும்மா நிற்கும் ஆல்ஃபா கிட்டத்தட்ட மிச்சமில்லை. செவ்வாய்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் வேலை ஓடாது. லென்ஸ் இறுகி, வடிவம் மாற மறுப்பதால் வரும் வெள்ளெழுத்து அது. ஆல்ஃபா தீர்வதற்கும் லென்ஸ் இறுகுவதற்கும் தொடர்பு உண்டு என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

அதற்கு அப்புறம் வருவது கண்புரை. புற ஊதாக் கதிர், ஆக்சிஜனேற்றம், இரத்தத்தில் கூடுதல் சர்க்கரை, புகை, சும்மா கழியும் ஆண்டுகள் என்று எல்லாம் சேர்ந்து அமினோ அமிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகின்றன. ஒன்றிரண்டு மாற்றம் பெரிதில்லை. ஆயிரக்கணக்கில் சேரும்போது புரதங்கள் ஒட்டி, திரள் ஒளியின் அலைநீளத்தை நெருங்குகிறது, லென்ஸ் மங்குகிறது. கொதியில் நிமிடங்களில் நடந்தது இங்கே பத்தாண்டுகளில், வேறு வழியில் நடக்கிறது.

எல்லா மங்கலும் இப்படிப் புரதம் கெட்டதால் வருவதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கன்றுக்குட்டியின் லென்ஸைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நடுவில் வெளுத்துவிடும், வெளியே எடுத்துச் சூடு ஏறியதும் தெளிந்துவிடும். குளிரில் காமா புரதங்கள் ஒன்றையொன்று சற்றே கூடுதலாக நாடி, காமா மிகுந்த துளிகளாகவும் குறைந்த பகுதிகளாகவும் பிரிகின்றன. மடிப்பு ஒன்றும் அவிழவில்லை. உறைநிலைக்கும் கீழான அண்டார்டிகக் கடலில் வாழும் டூத்ஃபிஷ் என்ற மீனின் லென்ஸோ மைனஸ் 12 டிகிரியிலும் தெளிவாகவே இருந்தது. அந்த மீனின் காமா புரதங்கள் குளிரிலும் அப்படிக் கூடிக்கொள்வதில்லை.

ஒரு சின்ன திசைதிருப்பல், சொல்லாமல் விட மனமில்லை. வாத்தின் லென்ஸில் ஏராளமாக இருக்கும் ஒரு கிரிஸ்டலின், லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற சாதாரண நொதியேதான். நம் இதயத் தசையிலும் இருக்கிற நொதி. கோழியின் லென்ஸில் வேறொரு நொதியின் உறவுக்காரர். தெளிவாக இருப்பதற்கென்று பிறந்த புரதம் எதுவும் இல்லை. நீரில் நன்றாகக் கரைந்து, நெரிசலில் ஒட்டாமல், நீண்ட நாள் மடிப்புக் குலையாமல் இருக்கிற எந்தப் புரதத்தையும் பரிணாமம் லென்ஸில் போட்டுப் பார்த்திருக்கிறது.

கண் முகாமுக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "சொட்டு மருந்து போட்டுக் கரைக்க முடியாதா சார்?" என்பது. ஒட்டிய புரதத்தைப் பிரிக்கும் வேதிப்பொருள்களைத் தேடும் ஆய்வு நடக்கிறது. ஆனால் கண்புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து இதுவரை எதுவும் இல்லை, அப்படிச் சொல்லி விற்கிறதை வாங்க வேண்டாம். வழி அறுவை சிகிச்சைதான். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அதன் உறைப்பையை மட்டும் விட்டு, அதற்குள் செயற்கை லென்ஸை வைப்பார்கள். 1949-இல் லண்டனில் ஹரோல்டு ரிட்லி முதன்முதலில் வைத்தது அக்ரிலிக் பிளாஸ்டிக் லென்ஸ். அதில் புரதம் இல்லை, எனவே அதற்குப் புரை வராது.

ஆனாலும் ஆபரேஷன் முடிந்து சில மாதமோ சில வருடமோ ஆன பிறகு "புரை திரும்ப வந்துவிட்டது" என்று சிலர் சொல்வது உண்டு. அது புரை அல்ல. உறைப்பையில் ஒட்டிக்கொண்டு தப்பிய சில லென்ஸ் செல்கள் பெருகிப் பின்சுவரில் படர்ந்து மங்கலாக்குகின்றன. அவற்றில் சில தங்களுக்குத் தெரிந்த பழைய வேலையையே செய்யப் பார்க்கும்: நீண்டு, கிரிஸ்டலின் தயாரித்து, லென்ஸ் கட்ட முயலும். ஆனால் வரிசை இல்லாமல் கட்டுவதால் தெளிவு வராது. கண் மருத்துவர் யாக் லேசரால் பின்சுவரில் சிறிய திறப்பு ஒன்று போட்டுவிடுவார். கத்தி இல்லை, தையல் இல்லை, சில நிமிட வேலை. அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.